ஞாயிற்றுக்கிழமைக் கொடி

எங்கள் தீவில் கர்த்தரின் ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை யாரும் துணி உலர்த்துவதில்லை. அன்று சேவல் கூவினாலே முறைக்கிற ஊர். அப்படிப்பட்ட நாளில் எஃபியின் கொடியில் ஒரு கால்சட்டை தொங்கியது. முழங்காலில் சிவப்பு ஒட்டு. போன வருடம் நண்டுக்கூண்டு எடுக்கப் போய்க் கடலோடு போன அவள் கணவன் லாக்லன், கடைசியாகப் போட்டிருந்தது அதைத்தான். அதிலிருந்து உப்புநீர் சொட்டியது.

தேவாலய மூப்பர் டோர்மட் அவளை வழிமறித்தார்.

"ஏம்மா, சனிக்கிழமை தோய்ச்சா கை தேஞ்சிடுமா?"

"நான் தோய்க்கலைங்க ஐயா. அது யாருதுன்னு உங்களுக்கே தெரியும்."

"யாருதுன்னு கேட்டேனா? இன்னிக்கு என்ன கிழமைன்னு கேக்குறேன்."

பக்கத்தில் நின்ற நானும் அவர் சொன்னதற்குப் பலமாகத் தலையாட்டினேன்.

மறு ஞாயிறும் தொங்கியது. இருப்பதே பதினோரு பேர். மற்றப் பத்துப் பேரும் அவளோடு பேச்சை நிறுத்தினோம். எங்கள் அடுப்பில் விறகுக்குப் பதில் எரிவது சதுப்புமண்தான்; அதை வெட்டிக் கொடுக்கவும் யாரும் போகவில்லை. குளிர் தாங்காமல் எஃபி கொடியை அறுத்தெறிந்துவிட்டு, தீவைவிட்டே படகேறிப் போனாள்.

இந்த ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பினால், அதே கால்சட்டை என் கொடியில் தொங்குகிறது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்துவிடலாமென்று இழுத்தேன். உள்ளே ஆள் இருப்பதுபோல் கனத்தது.

வேலிக்கு அப்பாலிருந்து டோர்மட் குரல் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமையில துணி எடுக்கிறதும் பாவந்தாம்மா. தொங்கட்டும், விடு."