பொடி குடித்த மூச்சு

குப்பியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதன்மேல் குனிந்து பேசிக்கொண்டிருந்தது நான்தான். உள்ளே இருந்தது எங்கள் ஆய்வகத்தில் தமயந்தி மாதக்கணக்கில் போராடி உருவாக்கிய வெள்ளைப் பொடி. கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆனது; ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆலைப் புகைக்கும் என் மூச்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

தமயந்தி வந்து, எடை பார்த்தபடியே சூடேற்றும் கருவியில் பொடியை வைத்தாள். சூட்டில் வாயு வெளியேற வெளியேற, திரையில் எடைக்கோடு சரியத் தொடங்கியது. புதுப் பொடியில் அவ்வளவு சரியக் கூடாது.

"இது ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கு. என்ன பண்ணின?"

"பேசிட்டிருந்தேன்."

"யார்கிட்ட?"

"பொடிகிட்ட. உன்கிட்ட பேசறதுக்கு ஒத்திகை."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் திக்கித் திணறியதெல்லாம் குழாய் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வாயுவில் சொற்கள் ஒட்டுவதில்லை.

"என்னன்னு பேசின?"

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

மூன்று வருடமாக எதைக் கேட்டாலும், கேன்டீனில் டீயா காபியா என்று கேட்டாலும்கூட, அவளிடம் ஒரே பதில்தான். இந்த முறை நானே முந்திக்கொண்டேன்.

"டேட்டா வரட்டும்னு சொல்லுவ. பரவாயில்ல, காத்திருக்கேன்."

கோடு தட்டையானது. பொடியில் வாயு காலி. கோடு சரிந்த உயரத்தை, நான் விட்ட மூச்சு அத்தனையையும், அவள் விரலால் மேலிருந்து கீழே அளந்து பார்த்தாள்.

"டேட்டாதான் வந்துடுச்சே," என்றாள். "பண்ணிக்கலாம். மொதல்ல அந்தக் குப்பியை மூடு."