கவனிக்க வந்த பொண்ணு

ஷிஃப்ட் ஏறினதிலிருந்து அந்தப் பொண்ணு பூவம்மாளையே வெச்ச கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னையிலிருந்து வந்த டிசைன் காலேஜ் பிள்ளைகள். ஆளுக்கொரு மெஷின் பக்கத்தில் நிறுத்தி, "வேலை செய்யறவங்களை நல்லா கவனிங்க. அவங்க கஷ்டம் என்னன்னு கண்டுபிடிச்சு, சாயந்திரம் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுக்குத்தான் மார்க்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் வாத்தியார் ஜெரால்ட்.

போயும் போயும் பூவம்மாளிடமா ஒருத்தி வந்து சேரணும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிரஸ் மெஷின் இடியாய் இடிக்கிற அந்த ஷெட்டிலேயே வருஷக்கணக்காய் நின்றதில் பூவம்மாளுக்குக் காது போய்விட்டது. யாருக்கும் தெரியாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே சமாளித்துவிடுவாள்.

தெரிந்தால் அவ்வளவுதான். காது மந்தம் என்று தெரிந்த மறுநாளே, இதே ஷெட்டில் நின்ற அஞ்சம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூவம்மாளின் புருஷன் வேறு படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் வீட்டில் உலை ஏறாது.

"அக்கா, என் பேரு ஸ்நேகா" என்று எதிரே வந்து சொன்னது அந்தப் பொண்ணு.

"சரிம்மா. நீ பாட்டுக்குப் பாரு. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்று படபடவென்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பினது இன்னும் மோசம். பின்னால் நின்று அது ஏதாவது கேட்டு, இவள் பேசாமல் இருந்துவிட்டால்? நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா கேட்டம்மா?"

"நான் ஒண்ணும் கேக்கலையேக்கா!"

ஐயோ, நாமே மாட்டிக்கொள்வோம் போலிருக்கிறதே!

மத்தியானம் அது நடந்தேவிட்டது. தகடு எடுக்க நகர்ந்தவளை யாரோ கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். அவள் நின்ற இடத்தை உரசிக்கொண்டு, சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி வாயைக் கோணிக்கொண்டு கத்தினான்.

"எம்மாந்நேரமா ஹாரன் அடிச்சிக்கினு வரேன்! இன்னா, காதுல பஞ்சா வெச்சிக்கினு கீற?"

இழுத்தது ஸ்நேகாதான். அதன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"கேட்டுச்சி, கேட்டுச்சி. ஏதோ நெனப்புல நின்னுட்டேன்" என்றாள் பூவம்மாள்.

அந்தப் பொண்ணு அவள் முகத்தையே பார்த்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. "இன்னாக்கா, பேயறைஞ்ச மாதிரி கீற?" என்று கேட்டாள் பக்கத்து மெஷின் கன்னியம்மா. "ஒண்ணுமில்ல, தலைவலி" என்று மழுப்பினாள்.

சாயந்திரம் கேன்டீனில் எல்லோரும் கூடினார்கள். பேசுகிறவர்கள் வாய் தெரிகிற இடமாய்ப் பார்த்து உட்கார்ந்தாள் பூவம்மாள். முன்வரிசையில் மேனேஜர். பக்கத்தில் சூப்பர்வைசர் பார்த்திபன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, ஸ்டூல் உயரம் போதவில்லை, தண்ணி தூரத்தில் இருக்கிறது என்றெல்லாம் சொன்னார்கள்.

ஸ்நேகா எழுந்தது. பூவம்மாள் முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியபாளையத்தம்மா, காப்பாத்து தாயே!

"சார், அந்தச் சத்தத்துல ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் எனக்குக் கேக்கவே இல்ல. ஹாரன் அடிக்கும்போது பளிச்சுனு தெரியற மாதிரி ஒரு சிவப்பு லைட்டும் எரிஞ்சா நல்லாருக்கும்."

வேறெதுவும் சொல்லவில்லை.

ஜெரால்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குக் கேக்கல, எனக்குக் கேக்கலன்னா? உன்னைப் பத்தியா ஆராய்ச்சி பண்ணச் சொன்னேன்? மெஷின்ல நிக்கறது நீயா, அந்தம்மாவா? முதல் நாள் கிளாஸ்லயே சொன்னேனே, உன் கதையைக் கொண்டுவந்து நடுவுல வைக்காதேன்னு! நாள் முழுக்க நின்னுட்டு அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லத் தெரியல. உனக்கு மார்க் கிடையாது, உக்காரு!"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஸ்நேகா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தது. "விடுங்க சார், லைட்டுதானே? எல்லா வண்டியிலயும் போட்டுடலாம்" என்றார் மேனேஜர்.

பூவம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! நல்ல மக்குப் பொண்ணாய்ப் பார்த்து நம்மிடம் அனுப்பினார்கள்.

ஷிஃப்ட் முடிந்து கேட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றார்கள். ஒரு பக்கம் கன்னியம்மா, இன்னொரு பக்கம் பார்த்திபன். காலேஜ் வேனில் ஏறப்போன ஸ்நேகா சட்டென்று திரும்பி வந்து பூவம்மாளுக்கு நேர் எதிரே நின்றது.

"அக்கா, உங்களுக்குக் காது கேக்கலன்னு எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க."

சொல்லிவிட்டு வேனை நோக்கி ஓடிவிட்டது.

பூவம்மாளுக்கு ஈரக்குலை நடுங்கியது. அடிப்பாவி! யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று இப்படியா நடு கேட்டில் போட்டு உடைப்பது? கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திபன் நிற்கிறானே!

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திபன் பாட்டுக்கு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

கன்னியம்மாதான் அவள் தோளைத் தட்டித் திருப்பினாள்.

"இன்னாக்கா அந்தப் பொண்ணு? சத்தமே வராம வெறும் வாயை அசைச்சிட்டுப் போவுது!"