வாலைப் பற்றிய ஓர் ஆய்வு

குளத்துத் தலைப்பிரட்டை ஒன்று தன் வாலை ஆராய விரும்பியது. இரை தேடி அலையாமல் ஆராய, ஆமைகளின் குழுவிடம் பாசி உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தது. ஆமைகள் எதிலும் அவசரப்படுவதில்லை. குழுவில் அவற்றைப் போட்டதே அதற்காகத்தான்.

"முடிவு வந்துச்சா அக்கா?" என்று குழுவின் தபால் சுமக்கும் நத்தையிடம் தினமும் கேட்கும்.

"பரிசீலனையில இருக்காம். அட, உனக்குக் காலெல்லாம் முளைச்சிருச்சே!"

தலைப்பிரட்டை காலைப் பார்க்கவில்லை. குட்டையாகிக்கொண்டிருந்த வாலையே பார்த்தது.

மழைக்காலம் முடிந்து ஆமைத் தலைவர் வந்தபோது அது வாலில்லாத தவளையாகக் கரையில் உட்கார்ந்திருந்தது.

"இங்கே ஒரு தலைப்பிரட்டை இருந்தானே, எங்கேப்பா? ஒருமனதாத் தேர்வு பண்ணியிருக்கோம். வாலோட வந்து பாசியை வாங்கிக்கச் சொல்லு."

தவளை வால் இருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

"நல்ல பையன் ஐயா," என்றது. "ரொம்ப நாள் காத்திருந்தான்."