போட்டோவில் வராத புத்தகம்

விளக்கணைத்த பிறகு, பழைய பேப்பர் சாக்கிலிருந்து ஏதோ சரக் சரக்கென்று ஊர்ந்து வந்தது. மேஜைமேல், காப்பிக் கோப்பையோடு போட்டோ எடுப்பதற்காக வைக்கப்பட்டிருந்த தடி நாவல் நடுங்கியது.

"யாரது?"

"நான்தான், பிள்ளை வளர்ப்புப் புத்தகம். நாளைக்கு வீட்டுக்காரி என்னை எடைக்குப் போடப் போறாளாம். இந்த வருஷம் அவளுக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம்னு போட்டோ போடப்போறது உன்னையாமே?"

"பின்னே? பால் கறை படிஞ்ச உன்னையா காட்டுவா?"

"ஏன்டி, உன்னில மூணு பக்கம் தாண்டினாளா அவ? பிள்ளைக்கு ஜுரம் கொதிச்ச ராத்திரியெல்லாம் அழுதுகிட்டே என்னைத்தானே படிச்சா!"

பிள்ளை வளர்ப்புப் புத்தகம் அலமாரியில் ஏறி, நாவல் வழக்கமாக இருக்கும் காலி இடத்தில் உட்கார்ந்தது.

"ஐயோ, அது என் இடம்!"

"நீ அங்கேயே போஸ் குடு!"

பிள்ளை வளர்ப்புப் புத்தகம் அலமாரிக் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது.