ஃப்ளாஷ் வேண்டாம்

"கதவைத் திறந்துக்கிட்டு அந்த ஆள் உள்ள வருவார். ஒரே நொடி. அந்த நொடியில அவர் முகம் தெளிவா விழணும் சார்."

கேமரா கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். எதிரே நின்ற பெண் தோளில் ஒரு பழைய கேமராப் பை தொங்கியது. இப்போதுதான் தொழிலுக்கு வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"வெளிச்சம் எப்படி இருக்கும்?"

"இருக்காது. கூடத்துல லைட்டை எல்லாம் அணைச்சு வெச்சிருப்பாங்க. தெருவிளக்குதான்."

"ஃப்ளாஷ்?"

"போடக் கூடாது. சத்தமும் வரக் கூடாது. உள்ள ஆள் இருக்கிறதே அவருக்குத் தெரியக் கூடாது."

கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டார். குரல் தானாகத் தாழ்ந்தது. "யாரும்மா உன்னை அனுப்பினது?"

"அவரோட மனைவி."

அவ்வளவுதான், கடைக்காரருக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது. ஊர் சுற்றும் புருஷன், உள்ளுக்குள் குமுறும் மனைவி, கையும் களவுமாகப் பிடிக்க ஒரு துப்பறியும் பெண். பாஸ்போர்ட் படம் எடுப்பவர்களுக்கே சரக்கு விற்றுச் சலித்துப்போனவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"விடக் கூடாதும்மா இந்த மாதிரி ஆம்பளைங்களை. வெளியில யோக்கியன் வேஷம், வீட்டுல பொண்டாட்டியை ஏமாத்தறது!"

அந்தப் பெண்ணுக்குத் திடீரென்று இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு, பையிலிருந்து கேமராவை எடுத்து வைத்துச் சொன்னாள். "கையில காசு கம்மி சார். புதுக் கேமரா வாங்க வழியில்லை."

"கேமராவை எதுக்கு மாத்தறே? சத்தமில்லாம எடுக்கிற வசதி இதுலயே இருக்கு, யாரும் தேடிப் பாக்கிறதில்லை. உன் ஜூம் லென்ஸ்தான் தூங்குமூஞ்சி. இருட்டுல அரைக்கண்ணுதான் திறக்கும்."

கண்ணாடி அலமாரியைத் திறந்து குட்டையான ஒரு லென்ஸை எடுத்தார். "முப்பத்தஞ்சு எம்.எம். ஒன் பாயிண்ட் எயிட். ஜூம் கிடையாது, கிட்டப் பாக்கணும்னா நீதான் நடக்கணும். ஆனா கண்ணை அகலமாத் திறக்கும். செகண்ட் ஹேண்ட்தான், கண்ணாடி சுத்தம்."

"ஐம்பது எம்.எம்.தான் மலிவுன்னு சொல்றாங்களே சார்?"

"வீட்டுக் கூடத்துல அதை மாட்டினா மூக்கு மட்டும்தான் விழும்."

"இருட்டுக்காக ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினா படம் புள்ளி புள்ளியா வருமே?"

"வரட்டுமே! ஆறாயிரத்துக்குத் தூக்கு. புள்ளி விழுந்த முகத்தை அடையாளம் சொல்லிடலாம். ஆடிப்போன முகத்தைப் பெத்த தாயே வந்தாலும் சொல்ல முடியாது. ஃபோகஸை மட்டும் முன்னாடியே வாசல்ல வெச்சுப் பூட்டிடு. இல்லேன்னா கேமரா தேடி முடிக்கிறதுக்குள்ள ஆள் குளிச்சுட்டே வந்துடுவான்."

அவள் லென்ஸை மாட்டிக்கொண்டாள். "ஒரு தடவை பழகிப் பாக்கட்டுமா சார்? நீங்க வாசல்ல நில்லுங்களேன். அவரும் உங்க உயரம்தான்."

கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. விளக்கை அணைத்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கி, வெளியே போனார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குற்றம் செய்தவனைப் போலப் பதுங்கிப் பதுங்கி உள்ளே வந்தார்.

கேமராத் திரையில் அவர் முகம், மீசை முடியைக்கூட எண்ணக்கூடிய தெளிவில் இருந்தது.

"ஆகா! திருட்டு முழி அப்படியே விழுந்திருக்கு பாரு!"

"விலை எவ்வளவு சார்?"

"விலையும் வேணாம், வாடகையும் வேணாம். கொண்டு போ, காரியம் முடிஞ்சதும் திருப்பிக் கொண்டா. ஒரு பொம்பளையோட கண்ணீர்ல நான் காசு பாக்க மாட்டேன்."

"அவங்ககிட்ட கண்டிப்பா சொல்றேன் சார்" என்றாள். மறுபடியும் இருமல் வந்துவிட்டது.

நல்ல காரியம் செய்த திருப்தியில் கடைக்காரர் அன்று சீக்கிரமே கடையைப் பூட்டினார். சீட்டியடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினார். உள்ளே ஒரே இருட்டு.

"கரண்ட் போச்சா?"

இரண்டடி எடுத்து வைத்தார். கூடத்து மூலையில் சின்னதாக ஒரு திரை ஒளிர்ந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு முகவாய், ஒரு மூக்கு, தோளில் ஒரு பை. அதே பெண்! அவர் கொடுத்த லென்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மனைவி யார், அந்த ஆள் யார் என்பது கடைக்காரருக்கு உறைத்தது. வேறு பெண் யாரும் அவர் வாழ்க்கையில் இல்லை. ஆனால் மனைவியிடம் மறைத்தது ஒன்று இருக்கத்தான் செய்தது.

"ஐயோ, நான் எவகூடவும் சுத்தலை!" என்று இருட்டைப் பார்த்து அலறினார். "ஞாயித்துக்கிழமை கடைக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டுக் கடை திறக்கிறதில்லை, அது நெஜம்தான்! உள்ள போய் ஷட்டரை இறக்கிட்டுப் படுத்துத் தூங்கறேன். வேற என்ன பண்ணச் சொல்றே? உங்கம்மா வந்து மாசக்கணக்காச்சு. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறாங்க. இந்த வீட்டுல ஒரு மனுஷன் கண்ணசர முடியுதா?"

யாரோ மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

விளக்கு எரிந்தது. ஸ்விட்சில் வைத்த கையை எடுக்காமல் மனைவி சிலையாக நின்றாள். சோஃபாவுக்குப் பின்னாலிருந்து மச்சினன், எதிர்வீட்டுக்காரர், பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்று தலைதலையாக எழுந்தார்கள். சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

எல்லோருக்கும் முன்னால், கையில் நீளமான கத்தியுடன், மாமியார் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஹேப்பி பர்த்டே, மாப்பிள்ளை."