சில்லண்டை

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் இருந்த இணையதளத்தைப் பார்த்ததும் பேராசிரியை வசுமதிக்கு எரிச்சல் வந்தது. "எழுதினவங்க பேரு இல்ல, ஊரு இல்ல, ஆதாரம் இல்ல. இதை நம்பி வட்டாரச் சொல்லுன்னு எழுதுவியா பெனிட்டா?"

"ஊர் ஊராப் போய்க் கேட்டேன் மேடம். அந்தச் சொல்லு ஒருத்தருக்கும் தெரியல. எடுத்துடறேன்."

சிவப்புப் பேனாவால் அடிக்கப் போனவர் அப்போதுதான் அந்த வரியைப் படித்தார். 'சில்லண்டை: தலையணையைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் குளிர்ந்த பக்கம்.'

கோடை விடுமுறை மதியங்களில் அவருக்கும் தம்பி தாமுவுக்கும் ஒரே தலையணைதான். சில்லண்டை யாருக்கு என்று தினமும் சண்டை வரும். தாமு உண்டாக்கிய சொல். வீட்டு வாசலைக்கூட அது தாண்டியதில்லை. அப்பாவிடம் அறை வாங்கிய அன்று தாமு தாண்டிவிட்டான். அம்மாவின் காரியத்துக்கும் வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்பதே யாருக்கும் தெரியாது.

பேனாவை மூடாமலே வசுமதி கேட்டார். "கடைசியா எப்பத் திருத்தினதுன்னு அதுல போட்டிருக்கா?"

பெனிட்டா கைப்பேசியில் பக்கத்தின் அடிவரை தள்ளிப் பார்த்தாள்.

"போட்டிருக்கு மேடம். நேத்து."