எல்லாம் ஏறியாச்சா?

கரையோரமாகவே நாலு ஊர் சுற்றிவர அந்தச் சின்னப் பாய்மரப் படகு கிளம்ப நின்றது. மணலில் கிடந்த நங்கூரம் ஒவ்வொன்றாய் விசாரித்துக்கொண்டிருந்தது.

"துடுப்பு ஏறியாச்சா? குடிதண்ணி? தண்ணி இறைக்கிற வாளி?"

"எல்லாம் ஆச்சு. நீ ஏறு முதல்ல," என்று எரிந்து விழுந்தது பாய்.

"சரிபார்த்துட்டுக் கடைசியா வர்றேன். என் கயித்தை அப்புறம் கட்டிக்கலாம். ஐயையோ, முகப்புல எலுமிச்சம்பழம் கட்டலையே! கடல்ல ஏதாவது ஆயிட்டா?"

பழத்தையும் கட்டியாயிற்று. அந்நேரம் பார்த்துக் கரைக்காற்று எழும்பியது. பாய் புடைத்தது. படகு அலை தாண்டிப் போயேவிட்டது.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று மணலிலிருந்து அலறியது நங்கூரம்.

பாய் திரும்பியே பார்க்கவில்லை. "இன்னும் என்ன பயம்? ஏதாவது ஆச்சுன்னா பிடிச்சு நிறுத்தத்தான் நீ கூடவே இருக்கியே!"